பண்டி, வண்டி, கோச்சி: ஒரு சொல்லின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் தமிழகத்திலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவரை யாழ்ப்பாணத்திலே ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வீட்டுப் பெரியவர் தம் மருமகனைப் பற்றிப் பேசுகையில், “கலியாணம் முடிச்சு ஒரு வருசத்திலை வண்டியும் வைச்சிட்டான்” என்றார். நண்பர் மகிழ்ந்து, “என்ன வண்டி?” என்று கேட்டார். பெரியவர் சற்றுத் திகைத்துத் தம் வயிற்றைத் தடவிக் காட்டினார். வீட்டிலிருந்த யாவரும் சிரித்தோம். தமிழகத்தவருக்கு வண்டி என்பது ஊர்தி. யாழ்ப்பாணத்தவருக்கு அது வயிறு, சிறப்பாகப் பருத்த வயிறு. மாடு பூட்டும் ஊர்தியை எம்மவர் வண்டில் என்பர். மோட்டார் பூட்டிய ஊர்தியைப் பொதுவாக வாகனம் என்பர்.

இது வெறும் வட்டார வழக்கு வேறுபாடு என்று கூறி அமைந்துவிடலாம். மொழிநூலார் பலர் அவ்வாறே அமைந்துவிடுவதுமுண்டு. ஆயினும் ஒரே ஒலிவடிவம் சுமை ஏற்றும் சகடத்துக்கும் உணவு ஏற்கும் வயிற்றுக்கும் எவ்வாறு பெயராயிற்று என்னும் வினாவும், அச்சகடத்தின் பெயர் எவ்வாறு காலப்போக்கிலே ஊர்திகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக உயர்ந்தது என்னும் வினாவும் ஒலியியலினால் மட்டும் விடைகாணக் கூடியன அல்ல. சொல் என்பது சமூக மாற்றத்தை மிக நுண்மையாகக் காட்டும் குறிகாட்டி என்றும், வர்க்க நலன்கள் மோதிக்கொள்ளும் களங்களுள் அதுவும் ஒன்று என்றும் வொலோஷினோவ் 1929இல் வெளிவந்த மார்க்சியமும் மொழித் தத்துவமும் பற்றிய தமது நூலிலே வற்புறுத்தினார். அக்கருத்தை உரைகல்லாகக் கொண்டு இச்சொல்லின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

சங்க இலக்கியத்திலே நில ஊர்திகளைக் குறிக்கும் சொற்கள் இருவேறு உலகங்களுக்கு உரியனவாகப் பிரிந்து கிடப்பதைக் காணலாம். ஒன்று தேரின் உலகம். தேர் மன்னனுக்கும் தலைவனுக்கும் உரியது. அதன் உறுப்புகளுக்கும் அதனைச் செலுத்துவோனுக்கும் நேமி, கொடிஞ்சி, பாகன், வலவன் என நுட்பமான பெயர்கள் உள. பாணர்க்கும் புலவர்க்கும் மன்னர் தேரைப் பரிசிலாக வழங்கினர். பாரி முல்லைக் கொடிக்குத் தேரீந்த கதை தமிழ் கற்போர் எவரும் அறிந்ததொன்று. போரும் கொடையும் காதலும் தேரிலே வருகின்றன. தேர் ஏற்றிச் செல்வது ஒரு மனிதனை, அதுவும் உயர்ந்த ஒரு மனிதனை.

மற்றையது சகடத்தின் உலகம். சகடம், சாகாடு, ஒழுகை முதலிய சொற்கள் இதற்குரியன. ஒழுகை என்பது வரிசையாகச் செல்லும் வண்டிகளைக் குறிப்பது. இவ்வுலகின் மாந்தர் உமணர் எனப்பட்ட உப்பு வணிகர். நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றியவர்கள் அவர்கள். உப்பும் நெல்லும் நேருக்கு நேராக மாற்றப்பட்டதை அகநானூறு காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையிலே உருத்திரங்கண்ணனார் வரைந்துள்ள உமணர் சகடம் பண்டைத் தமிழிலக்கியத்தின் மிகச் சிறந்த உழைப்புச் சித்திரங்களுள் ஒன்று எனத் தயங்காது கூறலாம். ஆர்கள் செறிந்த சக்கரம், முழவு போன்ற குடம், மேலே வேய்ந்த கூரை, கோழிக்கூடு, தொங்கவிடப்பட்ட காடிக் கலம் ஆகிய யாவும் அங்குள்ளன. கையிலே குழந்தையோடு பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். ஆடவர் பக்கத்தே நடந்து வண்டித்தொடரைக் காத்துச் செல்கின்றனர். சகடம் அவர்களுக்குத் தொழிற்கருவி, அதுவே வீடும். சிறுபாணாற்றுப்படையிலே உமணரின் பிள்ளைகளோடு அவர்கள் வளர்த்த மந்தி விளையாடுவதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தேரைப் பாடிய புலவர் தேரின் விரைவைப் பாடினர். சகடத்தைப் பாடியவர் அதன் பாரத்தையும் பழுதையும் கண்டனர். மேடும் பள்ளமும் பாரமும் எருதின் இளமையும் பற்றிய கவலை சகடப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது.

புறநானூற்றின் 102ஆம் பாடலிலே ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியை உமணர் சகடத்தின் அடியிலே கட்டிவைத்த சேமவச்சுக்கு ஒப்பிடுகின்றார். எருதுகள் இளையன, பண்டமோ பெரிது, வழியிலே என்ன நேருமோ என்று அஞ்சும் உமணர், அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென மற்றோர் அச்சைக் கட்டிச் செல்வர். குறுநில மன்னனைப் புகழ்வதற்கு உவமை அரண்மனையிலிருந்து வரவில்லை. பாட்டாளியின் பட்டறிவிலிருந்து வருகின்றது. வீரயுகப் பாடல்களின் வாய்மொழிப் பண்பை விரித்துரைத்த பேராசிரியர் க. கைலாசபதியின் ஆய்வு 1968இல் வெளிவந்த பின்னர், இப்பாடல்களிலே வீரயுகத்துக்கு அடியில் இயங்கிய பண்டமாற்று உலகைத் தேடிக் காண்பது எம் தலைமுறையினருக்கு எளிதாயிற்று.

116ஆம் பாடல் இன்னும் கூர்மையானது. பறம்பு வீழ்ந்த பின்னர் பாரிமகளிர் குப்பைமேட்டிலேறி அவ்வழியே செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். முன்னர் அவர்கள் எண்ணியவை தம் தந்தையை எதிர்த்துவந்த வேந்தரின் குதிரைகள். கபிலர் அதைக் கண்டு நொந்துகொள்கின்றார். உரையாசிரியர்க்கும் பின்வந்த இரசிகர்க்கும் இது குடிப்பெருமை இழந்த மகளிரின் அவலம். அவலந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மலைமேலிருந்து குதிரைகளை எண்ணிய கண்கள் குப்பைமேட்டிலிருந்து சகடங்களை எண்ணத் தொடங்கியமை வேறொன்றையும் காட்டுகின்றது. குறுநிலக் கிழமை சரிந்தபின்னும் உப்பு வண்டிகள் ஓடிக்கொண்டேயிருந்தன. யார் ஆண்டாலும் உப்பு வேண்டும்.

இனிச் சொல்லின் பிறப்புக்கு வருவோம். வண்டி என்ற வடிவம் மேற்கூறிய பழைய சொற்களிடையே இல்லை. பிற்கால அகராதிகளிலே பண்டி, வண்டி ஆகிய இரு வடிவங்களும் கிடைக்கின்றன. இரண்டுக்குமே சகடம் என்றும் வயிறு என்றும் பொருள் கூறப்படுகின்றது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒலிப்புடைய பகரத்தோடு தொடங்கும் பண்டி என்பது வண்டியைக் குறிக்கிறது, மலையாளத்திலே வண்டி. ஒலிப்புடைய பகரம் மொழிமுதலில் வருவது தமிழ் மரபன்று. அத்தகைய சொல்லைத் தமிழ் ஏற்கும்போது ஒலிப்பற்ற பகரமாகவோ வகரமாகவோ மாற்றிக்கொள்ளும். வடநாட்டுப் பெயர் தமிழிலே வங்காளம் என வழங்குவது இதற்குத் தக்க சான்று. எனவே பண்டி, வண்டி ஆகியன ஒரே சொல்லின் இரு தமிழ்க் கோலங்கள் எனக் கொள்வதிலே தடை எதுவுமில்லை.

பண்டிக்கும் பண்டத்துக்கும் உள்ள உறவு என்ன? பண்டம் என்பது வடமொழியிற் பாண்ட என வழங்குவதோடு தொடர்புடையது. அதற்குக் கலம், கொள்கலன், வணிகப் பொருள் என்ற பொருள்கள் உள. கொள்ளும் கலத்தின் பெயர் கொள்ளப்படும் பொருளுக்கு ஆவது மொழிகளில் மிக இயல்பான நிகழ்ச்சி. இவ்வாறு நோக்கின் பண்டி என்பது பண்டம் கொள்வது; சகடமும் கொள்கலன், வயிறும் கொள்கலன். இரண்டும் ஒரே வேரினவோ, ஒலியொப்புமையால் பின்னர் ஒன்றையொன்று நெருங்கினவோ என்று வழக்காடலாம். எனக்கு முதலாவது கொள்கையே பொருத்தமாகப் படுகின்றது. சிங்களத்திலே பொருள்களை ‘படு’ என்பதும் வயிற்றைப் ‘பட’ என்பதும் அருகருகே வைத்து எண்ணத்தக்கவை. தனித்தமிழ் ஆர்வலர் பண்டி தமிழா வடமொழியா என்று மட்டுமே வினாவுவர். எம்மைப் பொறுத்தவரை அவ்வினாவிலும் முதன்மையானது, இச்சொல் விரைவிலிருந்தோ, ஊர்பவனின் உயர்விலிருந்தோ, சக்கரத்தின் வடிவிலிருந்தோ பிறக்கவில்லை, கொள்ளும் சுமையிலிருந்து பிறந்தது என்பதாகும். தேர் மனிதனுக்காகப் பெயர் பெற்றது. பண்டி பண்டத்துக்காகப் பெயர் பெற்றது.

எமது வண்டில் பற்றியும் ஒரு சொல். இது ஈழத்துக்கே உரியதன்று. அகராதிகள் இதனை வண்டி, சக்கரம் ஆகிய பொருள்களிலே தருகின்றன. பழந்தமிழிலே வட்டம், எருது, ஊர்தி ஆகியவற்றை உணர்த்திய பாண்டில் என்னும் சொல்லோடு இதன் இறுதி ஒத்திருப்பதை ஒதுக்கிவிடல் இயலாது. பண்டியும் பாண்டிலும் ஈழத்தமிழிலே கலந்து, வயிற்றுக்கு வண்டியும் சகடத்துக்கு வண்டிலும் என வேலையைப் பகிர்ந்துகொண்டன என்பது எனது ஊகம். ஒரே வடிவம் இரு பொருள்களால் இடர்ப்படும்போது மொழி இத்தகைய பாகப்பிரிவினை செய்துகொள்வதுண்டு. தமிழகத்திலே மறுதலையாக நடந்தது. ஊர்தி வண்டியைத் தனதாக்கிக்கொள்ள, வயிறு தொப்பையையும் தொந்தியையும் தேடிக்கொண்டது.

இடைக்காலத்தை விரைந்து கடக்கலாம். சோழர் காலத்திலும் அதன் பின்னரும் வணிகக் குழுக்களின் கல்வெட்டுகளிலே பொதி என்னும் அளவைப் பெயர் அடிக்கடி தோன்றுகிறது. வண்டிப் பாதை இல்லாவிடத்துப் பொதிமாடே ஊர்தி. கண்டி இராச்சியத்திலும் அவ்வாறே. கரையோரத்து உப்பை மலைக்கும் மலையகத்துப் பாக்கைக் கரைக்கும் கொண்டுசென்றவை தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள். முஸ்லிம் வணிகர் இத்தொழிலிலே சிறந்து விளங்கினர். உமணரின் வழித்தோன்றல்கள் என அவர்களை அழைப்பின் பிழையாகாது. தேரோ இதற்குள் மன்னனிடமிருந்து கடவுளுக்குச் சென்றுவிட்டது. போர்த் தேர் மறைந்து கோயில் தேர் நிலைத்தது. வடம் பிடிப்போர் யார், வீதியிலே நிற்போர் யார், எட்ட நிற்க வேண்டியவர் யார் என்பனவெல்லாம் சாதியால் வரையறுக்கப்பட்டன. 1968இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழும் வரையிலும், அதன் பின்னரும், அவ்வரையறையின் நிழல் வடபுலத்திலே நீண்டு கிடந்தது.

ஐரோப்பியர் வருகையோடு ஈழத்தின் ஊர்திச் சொற்களிலே புதுவரவுகள் ஏற்பட்டன. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை கரத்தையும் றோதையும். முன்னது வண்டி, பின்னது சக்கரம். சிங்களத்திலும் இவை கரத்தய, ரோதய என நிலைபெற்றன. தமிழ்ச் சொல்லோ எதிர்த்திசையிலே பயணஞ்செய்தது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர் வண்டியைப் ‘பாண்டி’ எனத் தம் மொழியிலே எடுத்தாண்டனர். 1886இல் வெளிவந்த யூல், பேர்ணல் ஆகியோரின் ஆங்கில இந்தியச் சொற்களஞ்சியம் இதனைத் தமிழ், தெலுங்குச் சொற்களோடு இணைத்துக் காட்டுகிறது. அதே சொல் ‘பெண்டி’ எனச் சாவகத் தீவிலும் வழங்குவதை அது குறிப்பிடுகின்றது. சுமாத்திராவின் பாடாங் நகரிலே குதிரை பூட்டிய சிறுவண்டிக்கு இன்றும் இதுவே பெயர்.

சொற்களின் பயணத்திலும் முக்கியமானது பாதை. 1815இலே கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. ஆள்பதி எட்வேட் பார்ண்ஸ் காலத்திலே, 1820களில், கொழும்பு - கண்டி வீதி வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு உட்பட்ட குடிமக்கள். மன்னனுக்குரிய நிலமானியக் கடமை, முதலாளித்துவத்துக்குப் பாதையமைக்கும் கருவியாக்கப்பட்டமை குடியேற்ற ஆட்சியின் உள்முரண்பாடுகளுள் ஒன்று. பாதை முடிந்த சில காலத்துக்குள், 1832இலே, இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. வேலை முடிந்தது, கருவி வீசப்பட்டது. தாராளவாதச் சீர்திருத்தம் என வரலாற்று நூல்கள் இதனைப் போற்றும்.

அவ்வீதியிலே கோப்பி இறங்கிற்று, அரிசி ஏறிற்று. ஏற்றி இறக்கியவை மாட்டு வண்டிகள். மழையிலே சேறும் கோடையிலே மாட்டு நோயும் தாமதமும் தோட்டத்துரைமாரின் ஓயாத முறைப்பாடாயின. இதே காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னாரிலே கரையேறிக் காடுகளூடாக மாத்தளை வரையும் நடந்தே வந்தனர். வழியிலே நோயினாலும் பட்டினியினாலும் மாண்டோர் பலர். கோப்பிக்கு வண்டி இருந்தது. கோப்பியை விளைவித்த மனிதருக்கு அவர்களுடைய கால்களே இருந்தன. பண்டம் ஏற்றுவது பண்டி என்னும் சொல்லின் பழைய நேர்ப்பொருள் இத்துணைக் கொடூரமாக முன்னெப்போதேனும் மெய்யானதுண்டோ என ஐயுறலாம்.

புகைவண்டிப் பாதையின் வரலாறும் இதிலிருந்தே தொடங்குகின்றது. தோட்ட முதலாளிகளின் வற்புறுத்தலால் 1858இலே வேலை தொடங்கிற்று. 1864இலே அம்பேபுசை வரையும் 1867இலே கண்டி வரையும் பாதை நிறைவெய்தியது. இரண்டே ஆண்டுகளில், 1869இலே, கோப்பி இலைநோய் தலைகாட்டியது. கோப்பிக்கென வந்த பாதை பின்னர்த் தேயிலையைச் சுமந்தது.

இப்புதிய ஊர்திக்கு என்ன பெயர் இடுவது? இங்கேதான் சொல்லின் வர்க்க வரலாறு வெளிப்படையாகத் தோன்றுகிறது. தமிழகத்திலே அது புகைவண்டி ஆயிற்று. பேச்சிலே ரயில் வண்டி. தெலுங்கர் ரயிலு பண்டி என்றனர். ஈழத்து அரசாங்கத் தமிழிலே அது புகையிரதம். சிங்களத்துத் தும்ரியவுக்கும் இதே அமைப்பு. தும் என்பது புகை, ரிய என்பது இரதத்தின் வழிவந்த சொல். இரதம் என்பது தேர். உப்பு வண்டியின் வழித்தோன்றலாகிய ஒன்றுக்கு மன்னனின் ஊர்திப் பெயரைச் சூட்டிய இச்சொல்லாக்கத்திலே, கற்றோர் குழாத்தின் வடமொழிப் பற்றும் அலுவலக மொழியின் மிடுக்கும் ஒருங்கே தெரிகின்றன. மிதிவண்டியைத் துவிச்சக்கரவண்டி என அழைத்த கையும் இதே கைதான். அங்கு வண்டியை விட்டுவைத்தார்கள்; அதுவரைக்கும் நன்று.

மக்களோ புகையிரதத்தில் ஏறவில்லை, கோச்சியில் ஏறினர். யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் முதியோர் வாயிலே அது கோச்சி. சிங்கள மக்களுக்குக் கோச்சிய. இச்சொல்லின் பயணம் நெடியது. அங்கேரி நாட்டிலே, வியன்னாவுக்கும் புடாவுக்கும் இடைப்பட்ட கோச் என்னும் ஊரிலே, 15ஆம் நூற்றாண்டில் இலகுவான நல்ல வண்டிகள் செய்யப்பட்டன. கோச்சு ஊர்க்காரரின் வண்டி என்னும் பொருளிலே வழங்கிய கோச்சி என்னும் சொல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் பரவிற்று. ஊர்த் தச்சரின் கைத்திறன் ஒரு கண்டத்தின் சொல்லாயிற்று. போர்த்துக்கேயத்திலே இச்சொல் இருந்தபோதிலும், ஈழத்துக் கோச்சி ஆங்கிலத்தின் வழி வந்ததென்றே நான் கருதுகின்றேன். 1832இலிருந்து கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரை பூட்டிய தபாற் கோச்சு ஓடிற்று. அதே ஊர்களுக்கிடையே புதிய ஊர்தி வந்தபோது பழைய ஊர்தியின் பெயர் அதற்கு மாறியது இயற்கையே. மூவகை மக்கள், மூவகைப் பெயர்கள். தேரின் பெயரை அலுவலகம் எடுத்துக்கொண்டது. வண்டியின் பெயரைத் தமிழகம் எடுத்துக்கொண்டது. இரு மொழி பேசிய ஈழத்து உழைப்பாளர் மட்டும் ஒரே சொல்லைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். இனவேறுபாட்டை மொழியிலே தேடுவோர் இவ்வொற்றுமையையும் கணக்கிலே சேர்க்க வேண்டும்.

தமிழகத்திலே சுமை ஊர்தியின் பெயர் எல்லா ஊர்திகளுக்கும் பொதுப்பெயராக விரிந்ததற்குக் காரணம் யாது? மார்க்ஸ் மூலதனத்தின் இரண்டாம் பாகத்திலே போக்குவரத்துத் தொழில் விற்பது இடமாற்றத்தையே என்று விளக்குகின்றார். அதற்கு மனிதர் வேறு பண்டம் வேறு என்ற பேதமில்லை. இரண்டும் இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு கட்டணம். தேரிலே செல்பவன் கட்டணம் கொடுப்பதில்லை. அவன் தேருக்கு உடையவன். மூன்றாம் வகுப்புச் சீட்டோடு பெட்டியிலே நெருங்கி நிற்பவன் தனக்கு உடைமையல்லாத ஊர்தியிலே கூலி கொடுத்து ஏற்றப்படும் சுமை. அத்தகைய ஊர்திக்குத் தேரின் பெயர் பொருந்தாது என மக்கள் வழக்கு உணர்ந்திருந்தது. அது வண்டியைத் தெரிந்தெடுத்தது. பின்னர் மோட்டார் வண்டி, கைவண்டி, மாட்டு வண்டி, குதிரை வண்டி எனச் சொல் கிளைத்தது. இன்று தமிழக நகரங்களிலே அடைமொழியின்றி வண்டி என்றால் மோட்டார் சைக்கிளே முதலில் நினைவுக்கு வரும். உடைமையும் பெருமையும் மீண்டும் அச்சொல்லில் ஏறிக்கொண்டன.

வண்டி சுமைக்குரியது, அதில் அமர்வது சிலருக்கே உரியது என்ற நியதி எங்கும் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டதன்று. 1893இலே திருவிதாங்கூரிலே புலையர் சமூகத்தைச் சேர்ந்த அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவீதியிலே, மறுக்கப்பட்டிருந்த வெள்ளுடையும் தலைப்பாகையும் அணிந்து வில்லுவண்டியிலே ஏறிச் சென்றார். மலையாள நாட்டு வரலாறு அதனை வில்லுவண்டிப் போராட்டம் என்றே நினைவுகொள்கின்றது. போராட்டத்தின் பெயரிலேயே வண்டி நிற்கிறது. தேர் ஒன்றிலே அவர் ஏறியிருப்பின் அது மன்னனைப் போலியாக்கும் செயலாக மட்டும் நின்றிருக்கும். வில்லுவண்டி மேற்சாதி நிலவுடைமையாளரின் அன்றாட ஊர்தி. அன்றாடத்தின் மீதே அவர் கைவைத்தார்.

ஈழத்திலே வண்டிக்காரரின் கதை வேறு வகையினது. கண்டி வரை புகையிரதம் ஓடத் தொடங்கியபின் நெடுவழி வண்டிக்காரர் தம் முதன்மையை இழந்தனர். ஆனால் கொழும்பு துறைமுகம் வளர வளர, துறைமுகத்துக்கும் பண்டசாலைகளுக்கும் புகையிரத நிலையத்துக்கும் இடையே குறுகிய தூரம் சுமை ஏற்றுவதற்கு ஆயிரக்கணக்கான வண்டிகள் தேவைப்பட்டன. 1906இலே மாநகரசபை விதியொன்றைக் கடுமையாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது அவ்வண்டிக்காரர் வேலைநிறுத்தஞ் செய்தனர். நகரின் வாணிகம் நிலைகுலைந்தது. அதிகாரிகள் இறங்கிவர நேர்ந்தது. 1893இன் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் 1912இன் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் இடைப்பட்ட இப்போராட்டத்தை இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றிலே அதற்குரிய இடத்தில் வைத்தவர் குமாரி ஜயவர்த்தன. 1972இலே வெளிவந்த அவரது நூலைத் தமிழ் மாணவர் போதியளவு பயன்படுத்தவில்லை என்பது என் முறைப்பாடு. எம் இலக்கிய வரலாறுகளிலே வண்டிக்காரன் வழித்துணைக்கோ நகைச்சுவைக்கோ வந்துபோகும் பாத்திரமாகவே உள்ளான். ஒரு நகரத்தை நிறுத்திக் காட்டியவனாக அவன் தோன்றுவதில்லை. பெரும்பாணாற்றுப்படை அவனுடைய மூதாதையரை உற்று நோக்கியது. இடையிலே எங்கோ அந்தக் கண் மூடிக்கொண்டது.

வடபகுதிக்குப் புகையிரதம் பிந்தியே வந்தது. 1902இலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலும், 1905இலே கொழும்பு வரையும் பாதை திறக்கப்பட்டது. புகையிலையும் பனம்பொருள்களும் அதிலே தெற்கே சென்றன. அரசாங்க உத்தியோகத்துக்கெனக் கற்ற இளைஞரும் சென்றனர். வண்டில் நிலையத்துக்குப் பொருளும் ஆளும் கொணர்ந்து கோச்சியோடு இணைந்து வாழ்ந்தது. திருக்கல் பூட்டி ஓடும் சவாரி வயல்வெளிகளிலே பொழுதுபோக்காயிற்று. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பது பழமொழி. வண்டியும் வண்டிலும் மோட்டாருக்குப் பின்னே ஒதுங்கியபோது ஏறுவதற்கு ஓடம் ஏதும் வரவில்லை.

ஆயினும் ஒதுங்கியவை மீண்டும் வீதிக்கு வந்த காலமொன்று உண்டு. 1990இலே போர் மூண்டபோது வடபகுதிப் புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குச் சென்றன. எரிபொருட் தடையிலே துவிச்சக்கரவண்டியும் மாட்டு வண்டிலுமே குடாநாட்டின் போக்குவரத்தாயின. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சி நோக்கிய வீதியிலே கிடைத்த வண்டில்களிலெல்லாம் மூட்டை முடிச்சுகளும் நடக்க இயலாத முதியோரும் ஏற்றப்பட்டனர். ஏனையோர் பக்கத்தே நடந்தனர்.

புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது 2014 ஒக்டோபரில். இருபத்துநான்கு ஆண்டுகள் அப்பொருள் அங்கே இல்லை. அவ்விடைக்காலத்திலே பிறந்து வளர்ந்தோர் பலர் அதனைக் கண்ணாலும் கண்டதில்லை. நிலையத்திலே கூடிநின்றோரிடையே நானும் நின்றேன். அறிவிப்புப் பலகையிலே புகையிரதம் என்றிருந்தது. ஒலிபெருக்கியும் அவ்வாறே கூறிற்று. எனக்கு முன்னே பாட்டியின் கையைப் பிடித்தபடி நின்ற ஏழெட்டு வயதுச் சிறுமி, எஞ்சின் திருப்பத்திலே தென்பட்டதும், “கோச்சி, கோச்சி” என்று கத்தினாள்.